வெங்காயக் கொட்டகையின் ஆமென்

பாட்டின் கடைசி வரியை மெரே பாடி முடித்தாள். கைதட்டல் எழும்புவதற்கு முன்னால் மண்டபத்தில் ஒரு நொடி அமைதி இருக்குமே, அந்த நொடியில் என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே கீபோர்டில் இறங்கின.

இரண்டே இரண்டு கூட்டுச்சுரங்கள். முதலாவது படி ஏறுவது போல. இரண்டாவது வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவது போல. தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஞானப்பாட்டு முடிந்ததும் ஓர்கனில் வருகிற 'ஆ... மென்.'

மெரே பாடியது காதல் பாட்டு. அதுவும் கொஞ்சம் சூடான காதல் பாட்டு. விட்டுவிட்டுப் போனவனை வா, வந்துவிடு என்று ஒரு பெண் வெட்கத்தை விட்டுக் கெஞ்சுகிற பாட்டு. அதற்குப் போய் நான் ஆமென் வாசித்துவிட்டேன்.

வேறு யார் முன்னால் என்றாலும் சிரித்து மழுப்பியிருக்கலாம். மூன்றாவது வரிசையில் ரஞ்சிதம் அக்கா இருந்தார், மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு. நியூசிலாந்தின் ஏவன்டேலில் மாதம் ஒரு முறை நடக்கும் எங்கள் தமிழ் ஆராதனையின் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவி. புதிதாக வந்திருக்கும் ஓர்கனுக்கு முன்னால் யார் உட்காருவது என்று முடிவு செய்யப் போகிறவரும் அவர்தான்.

அந்த ஓர்கன் எனக்கு வேண்டும். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் கட்டில் விளிம்பிலும் வாசித்து வாசித்து என் விரல்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு கட்டைகளில் வைத்த கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெங்காயம் தெரிந்தெடுத்தல்

அந்த மேடையில் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். போன வாரம் நியூசிலாந்தில் எங்கள் முதல் வாடகை வீட்டின் குளிரைப் பற்றி எழுதியிருந்தேன். 'யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டுச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அங்கே போய் என்ன வேலை செய்தீர்கள்? அதைச் சொல்லாமல் குளிரையே எழுதுகிறீர்களே' என்று கோயம்புத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. வெங்காயம் தெரிந்தெடுத்தேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை. வாடகை மலிவு என்று புக்கெகோஹி என்ற தோட்ட ஊரில் வீடு எடுத்திருந்தோம். என் சங்கீதச் சான்றிதழ்களை அங்கே யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகை ஒன்று இருந்தது. போய்ச் சேர்ந்தேன்.

ஓடுகிற பெல்ட்டில் வெங்காயம் வரும். அழுகியதையும் முளைத்ததையும் இரட்டைக் குமிழையும் பொறுக்கி எறிய வேண்டும். அழுகை வராது, அது நறுக்கினால்தான். ஆனால் தோல் தூசி தலைமயிருக்குள் போய்விடும். தலைக்கு முழுகினால் குளியலறைத் தரை முழுவதும் செம்பழுப்பாகச் சருகு ஓடும்.

என் வரிசையில் நின்ற பெண்கள் பெரும்பாலும் மாவோரிகள். அவர்களுக்குத் தலைவி மாதிரி மெரே. என் வயதுதான். என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு, நான்கு மடங்கு சிரிப்பு. நாங்கள் கதைத்ததெல்லாம் ஆங்கிலம் என்றாலும் எனக்கு நினைவில் நிற்பது யாழ்ப்பாணத் தமிழில்தான். ஆகவே மெரேயும் இங்கே யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பாள். அவள் கோபிக்கமாட்டாள்.

தூணில் ஒரு ரேடியோ. தூசி போகாமல் பிளாஸ்டிக் பையால் சுற்றியிருந்தார்கள். காலையில் இருந்து பழைய பாட்டுகள் போடும் நிலையம் ஒன்றுதான் ஓடும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பழைய சோல் பாட்டு ஒன்று தொடங்கிவிட்டால் போதும், என் வரிசை முழுவதும் பாடத் தொடங்கிவிடும்.

சும்மா பாடுவதல்ல. யாரும் யாரையும் பார்க்காமல், கை வெங்காயத்தை விடாமல், மூன்று குரலாகப் பிரிந்து பாடுவார்கள். ஒருத்தி மேலே போவாள், ஒருத்தி கீழே இறங்குவாள், மெரே நடுவில் நடப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை முழுக்க நான் தொண்டை கிழியக் கத்திப் படிப்பித்த விஷயம் அது. அப்படியும் பரிசளிப்பு விழாவன்று இரண்டாம் குரல் பிள்ளைகள் முதலாம் குரலுக்குத் தாவிவிடுவார்கள்.

"உனக்கு இந்த நடுக்குரலை ஆர் சொல்லித் தந்தது?" என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. சின்னனிலை எங்கட பெரியம்மாவுக்குப் பக்கத்திலை நிண்டு பாடினனான்."

"அவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"அவ ரேடியோவுக்குப் பக்கத்திலை நிண்டவ," என்று சொல்லிவிட்டு ஒரு முளைத்த வெங்காயத்தை என் பக்கமாக எறிந்தாள்.

இரண்டில் தட்டு

எனக்குக் கை சும்மா இருக்காது. பாட்டு வந்தால் நானும் பெல்ட்டின் விளிம்பில் தாளம் போடுவேன். ஒரு நாள் பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிற சாமி வண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமி ஃபிஜிக்காரன். கரும்பு வெட்டுவதற்காகக் கப்பல் ஏற்றப்பட்ட தமிழர்களின் வழிவந்தவன். வீட்டில் அவர்கள் பேசுவது ஃபிஜி இந்தி. தமிழ் அவனுக்குக் கோவில் பஜனையில் இருந்தும் சினிமாப் படங்களில் இருந்தும் கிடைத்தது. பஜனைக்கு டோலக் வாசிப்பவன்.

"அக்கா, நாலு வரைக்கும் எண்ணினா நீங்க ஒண்ணுல தட்டுறீங்க," என்றான். "இந்தப் பாட்டுக்கு ரெண்டுல தட்டணும். அப்புறம் நாலுல."

"ஒண்டிலை தட்டாட்டி பாட்டு எங்கை தொடங்குதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அது பாடுறவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஏன் கவலப்படுறீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பியானோவில் கடைசிப் படி வரைக்கும் பாஸ் பண்ணினவளுக்குத் தாளம் படிப்பிக்க வந்துவிட்டான். ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டில் தட்டத் தொடங்குவேன், நாலு வரி போவதற்குள் கை ஒன்றுக்கே திரும்பிவிடும். நமக்குத் தாளம் என்றால் விழுகிற முதல் தட்டுத்தானே எல்லாம்.

பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. அவள் ஒரு வரி சொல்வாள். நான் 'ம்' கொட்டுவேன். அவள் சொல்வாள், நான் 'ம்'. சொல்கிறவளோடு சேர்ந்து யாராவது 'ம்' கொட்டுவார்களா? அவள் சொல்லி வாயை மூடின பிறகுதானே கொட்டுவோம்! அந்த இரண்டாவது தட்டும் அதுதான். கேட்கிறவர்கள் போடுகிற 'ம்.'

அதன் பிறகு கை தப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் மாமியாருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெயர் போடாத பாட்டு

நான் படித்ததும் பிறகு படிப்பித்ததும் மிஷன் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்காவில் இருந்து மிஷனரிகள் வந்தது தெரிந்த கதைதான். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். ஏதாவது ஒரு துரையின் பெயர், அல்லது நம்முடைய உபதேசியார் ஒருவரின் பெயர்.

ஒரு பாட்டுக்கு மட்டும் பெயர் இல்லை. ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போகிறேன் என்று வரும். நல்ல தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். செத்த வீட்டுக்கும், ஓய்வு பெற்றுப் போகிற ரீச்சருக்கும் பாடுவோம். சரியான மெதுவாகப் பாடுவோம். அதைப் பாடி முடிப்பதற்குள் இறந்தவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்துவிடலாம்.

கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ரேடியோவில் காலையில் கொஸ்பல் நிகழ்ச்சி, அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் பாட்டு. நான் குனிந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டு வந்தது. அதே மெட்டு. ஆனால் என்ன வேகம்! ஒரு பெண் வரியைத் தூக்கி எறிகிறாள், நூறு பேர் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறார்கள். இரண்டிலும் நாலிலும் கைதட்டு. செத்த வீட்டுப் பாட்டு எழுந்து ஆடிக்கொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து நின்றுவிட்டேன். அழுகல் எல்லாம் என்னைத் தாண்டி நல்ல சாக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

"மெரே, இது எங்கட பாட்டு!"

"என்ன உங்கட பாட்டு? எங்கட அம்மா செத்த வீடுகளிலை பாடினது. எங்கட பாட்டு."

"நாங்கள் பள்ளிக்கூடத்திலை தமிழிலை பாடினனாங்கள்."

"நாங்கள் மாவோரியிலை பாடினனாங்கள்."

இரண்டு பேரும் சண்டைக்கோழி மாதிரி நின்றோம். அவள் மாவோரியில் ஒரு வரி பாடினாள். நான் தமிழில் அடுத்த வரியைப் பாடினேன். சூப்பர்வைசர் வந்து பெல்ட்டை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடுங்கள், வெங்காயத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே ஊர் நூலகத்துக்குப் போனேன். அமெரிக்க இசை வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவல் காலம் முடியும்வரை படித்தேன்.

அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். எழுதப் படிக்கவே பல இடங்களில் அவர்களை விடவில்லை. வேதாகமத்தில் கேட்ட ஆற்றையும் வழக்கமாகத் தோட்டத்தில் பாடிய முறையையும் சேர்த்துப் பாடினார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அவர்களின் பிள்ளைகள் சனிக்கிழமை அதே குரலில் தங்கள் சொந்தத் துன்பத்தைப் பாடினார்கள்; அது புளூஸ். ஞாயிறு கோவிலில் பாடின பிள்ளைகள் சிலர், ஆண்டவர் என்று வருகிற இடத்தில் காதலன் பெயரைப் போட்டுப் பாடினார்கள், அது சோல். கோவில் பெரியவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் வந்த பிள்ளைகள் மெட்டையே விட்டுவிட்டு மேளத்துக்கு மேல் கதைக்கத் தொடங்கினார்கள்; அது ராப். தொள தொள காற்சட்டையோடு எங்கள் தெரு மூலையில் சமோவாப் பொடியங்களும் மாவோரிப் பொடியங்களும் தங்கள் உச்சரிப்பில் கதைத்துப் பழகியது அதைத்தான்.

துரைமாரின் பெயர் எல்லாம் ஒழுங்காக அச்சடித்த புத்தகத்தில் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை என்று அப்போது விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் அதைப் படிப்பித்தேன், ஒரு நாளாவது யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேனா? எனக்கே தெரியாது, பிறகு எங்கே சொல்வது.

இன்னொன்றும் யோசித்தேன். போர்த்துக்கேயர் ஆப்பிரிக்கர்களை எங்கள் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். கல்யாண வீடுகளில் நாம் குதிக்கிற பைலாவில் அவர்களுடைய கால் இருக்கிறது என்று சொல்வார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை. ஆட்டம் மட்டும் மிச்சம்.

படித்ததை எல்லாம் தேத்தண்ணி நேரத்தில் மெரேயிடம் சொன்னேன். அவள் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கட அம்மான்ரை காலத்திலை இந்த ஊர்ப் படமாளிகையிலை மாவோரி வெள்ளைக்காரரோடை மேல் மாடியிலை இருக்கேலாது தெரியுமே?" என்றாள். "ரேடியோவிலை கறுப்புப் பொம்பிளை ஒருத்தி பாட, அம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பா. அந்தக் குரலுக்கு விளக்கம் ஒண்டும் தேவைப்படேல்லை."

பிறகு, பாடினவளின் பெயரைச் சொல்லி, "அந்தப் புத்தகத்திலை அவள் பேர் இருக்கோ?" என்று கேட்டாள். இருந்தது. அன்று மாலை நூலகத்துக்கு என்னோடு வந்து, அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.

மெரேயின் கராஜ்

பருவம் முடியும்போது தோட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஊர் மண்டபத்தில் ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம். ஒவ்வொரு கொட்டகையும் ஒரு நிகழ்ச்சி. எங்கள் கொட்டகைக்கு மெரேயும் பெண்களும், சாமி டிரம்ஸ். வழக்கமாகக் கீபோர்ட் வாசிக்கும் மெரேயின் மச்சாள் நல்ல சம்பளம் என்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள்.

"ஜே, நீ வா," என்றாள் மெரே. ஜெயமணி என்ற என் பெயர் கொட்டகையில் முதல் நாளே 'ஜே' ஆகிவிட்டது.

"நோட்ஸ் தா. வாசிக்கிறன்."

"என்ன நோட்ஸ்? நாள் முழுக்கப் பாட்டைக் கேக்கிறாய்தானே."

கடைசியில் நானே சுரக் குறிப்பு எழுதினேன், பள்ளிக்கூடத்து வடிவான எழுத்தில். மெரேயின் வீட்டுக் கராஜில் ஒத்திகை. ஒரு பக்கம் பழைய குளிர்பெட்டி, ஒரு பக்கம் புல் வெட்டும் இயந்திரம், நடுவில் நாங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஓர்கன்காரிதான் இராணி. நான் முதல் வரியை வாசித்தால்தான் சபை எழும்பும். நான் போகிற வேகத்தில் சபை வரும். வராவிட்டால் சத்தத்தைக் கூட்டி இழுத்துக்கொண்டு போவேன். மெரேயையும் அப்படித்தான் இழுத்தேன்.

"நில்லு, நில்லு," என்பாள். "நான் இன்னும் அந்தச் சொல்லை விட்டிட்டு வரேல்லை. நீ ஏன் அடுத்த வீட்டுக்குப் போறாய்?"

அவர்களிடமும் ஒரு குறை இருந்தது. அவர்களுக்குப் பாட்டை முடிக்கத் தெரியாது. கடைசி வரியில் ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தி இன்னொரு தரம் பாடுவாள், சாமி எங்கேயோ அடித்து நிறுத்துவான். ரேடியோவில் பாட்டு மெல்ல மெல்ல மங்கி மறைந்துபோகும். அவர்களுக்கும் அப்படியே பழக்கம். முடிவு மட்டும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். எனக்கு முடிக்கத் தெரியும்.

இதற்கிடையில்தான் ஏவன்டேல் சபைக்கு ஓர்கன் வந்தது. வாசிக்க இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான். மற்றது சென்னையில் இருந்து வந்த ஒரு தம்பி. பொத்தானை அமத்தினால் மேளம் தானாக அடிக்கிற சொந்தக் கீபோர்ட் வைத்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும்போது ரஞ்சிதம் அக்கா சத்தமாகவே சொன்னார்.

"எனக்குப் புத்தகத்திலை உள்ளதை வாசிக்கிற ஆள் வேணும். கிளப்பிலை வாசிக்கிற மாதிரி வாசிக்கிற ஆக்கள் எனக்கு வேண்டாம்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். புத்தகத்தில் உள்ளதை வாசிக்கத்தானே நான் பிறந்ததே.

அந்தச் சந்தோஷம் கிழமை முடியும்வரை நீடிக்கவில்லை. ரஞ்சிதம் அக்காவின் கணவர் டொக்டர். எங்கள் ஊர்க் கிளினிக்கில்தான் வேலை. கொண்டாட்டத்துக்கு அவர் விருந்தாளி என்றும் அக்காவும் வருகிறார் என்றும் இவர் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

அன்று வீட்டில் சோறு குழைந்துபோனது. மெரேயிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டால் ஓர்கன் கிடைக்கக்கூடும். வாசித்தால் கிளப்காரி என்று பெயர் வரும். இவரிடம் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, நான் என்ன செய்ய?"

இவர் குழைந்த சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"நீர் போய் வாசியும், ஜெயா," என்றார். "இந்த ஒரு மாசமாத்தான் நீர் நித்திரையிலை விரலால என்ரை முதுகிலை தட்டேல்லை."

மறுபடியும் மேடை

இனி நான் மேடைக்கு வருகிறேன். கை கட்டையில் அப்படியே இருக்கிறது. ஆமென் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. முடிவு என் பொறுப்பு என்று பெரிதாகச் சொன்னவள், காலம் காலமாக எப்படி முடித்தேனோ அப்படியே முடித்துவிட்டேன்.

மெரே திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் சிரித்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், நான் வைத்த சுரத்திலேயே 'ஆமென்' என்று பாடினாள். பின்னால் நின்ற பெண்கள் மூன்று குரலில் அதை வாங்கிக்கொண்டார்கள்.

நான் பயத்தில் மறுபடியும் அந்த இரண்டு கூட்டுச்சுரங்களையே வாசித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும், தாள் முடிந்துவிட்டதே. மெரே இன்னொரு ஆமென் பாடினாள், கொஞ்சம் மேலே. சாமி மெதுவாக இரண்டில் ஒரு தட்டு, நாலில் ஒரு தட்டு.

அப்போதுதான் மண்டபம் வாய் திறந்தது. மாவோரிக் குடும்பங்கள், சமோவாக் குடும்பங்கள், உருளைக்கிழங்குத் தோட்டத்து வெள்ளைக்காரக் கிழவர்கள் என்று எல்லாரும் ஏதாவது ஒரு கோவிலில் வளர்ந்தவர்கள்தானே. ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. மெரே எறிந்தாள், மண்டபம் பிடித்துத் திருப்பி எறிந்தது.

அவள் நீட்டினால் நான் நின்றேன். அவள் இறங்கினால் நானும் இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு குரலுக்குப் பின்னால் போனேன். அந்த நேரத்தில் ரஞ்சிதம் அக்காவை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. விரல்கள் என்னுடையவை என்பது திரும்ப நினைவுக்கு வந்தது.

காதல் பாட்டு எங்கே முடிந்தது, ஜெபம் எங்கே தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. கோவிலில் இருந்து வெளியே போன பாட்டு, அன்றைக்கு உள்ளே ஒரு நடை வந்துவிட்டுப் போனது.

கடைசியில் மெரே உள்ளங்கையைக் கீழே காட்டினாள். நிறுத்தினோம். கைதட்டலுக்குள் சாமி குனிந்து என் காதில் சொன்னான்: "நானும் ஆமென் பாடினேன் அக்கா. நம்ம பஜனைல கடைசியா கோவிந்தா போடுவாங்கல்ல, அந்த மாதிரியே இருந்திச்சு."

ரஞ்சிதம் அக்கா கைதட்டவில்லை. வாசலில் என்னை மறித்து, "நாளைக்கு ஆராதனை எண்டு தெரியுந்தானே? வந்து ஓர்கனிலை இரும். பாப்பம்," என்றார். "புத்தகத்திலை இருக்கிறதை மட்டும்."

ஏவன்டேல்

மறுநாள் ரயில் பாதையைத் தாண்டிப் போகும்போது ஞாயிற்றுச் சந்தையில் இருந்து பொரித்த மாவின் வாசம் காருக்குள் வந்தது.

ஓர்கன் நல்ல ஓர்கன். கட்டையில் விரல் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தில் இருந்ததை மட்டுமே வாசித்தேன். ஒரு சுரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் முதல் வரியை வாசிக்கச் சபை எழுந்தது, என் வேகத்தில் வந்தது. பக்கவாட்டில் நின்ற ரஞ்சிதம் அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஆமென் வாசித்தேன். சபை ஒரு தரம் 'ஆமென்' என்றது, புத்தகங்களை மூடியது, நாற்காலிகளில் உட்காரத் தொடங்கியது. ரஞ்சிதம் அக்காவும் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஒழுங்கு. நான் கையை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுக்க மனம் வரவில்லை. பதில் ஒன்று வரும் என்று என் விரல் காத்துக்கொண்டிருந்தது. நேற்றுவரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஓர்கன் அந்தக் கடைசிக் கூட்டுச்சுரத்தைப் பிடித்தபடி முழங்கிக்கொண்டே இருந்தது. குருவானவர் ஆசீர்வாதம் சொல்ல எழுந்து, ஓர்கன் ஓயட்டும் என்று நின்றார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது பின் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஆ... மென்."

எனக்கு யாரென்று விளங்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் பாடி நான் கேட்டதே இல்லை. கல்யாணம் முடித்த நாளில் இருந்து கோவிலில் இவர் வாயை மட்டும் அசைப்பார். சின்ன வயதில் பாட்டு ரீச்சர் ஒருவர் நீ பாடாதே, உதட்டை ஆட்டு என்று சொன்னதாக ஒரு தரம் சொல்லியிருக்கிறார். இப்போது தனியாக எழுந்து நின்றுகொண்டு, முகம் எல்லாம் சிவந்து, இன்னொரு தரம் பாடினார். சுருதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. நான் ரஞ்சிதம் அக்காவைப் பார்த்தேன். அவர் இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். பாடகர் குழுத் தலைவி எழுந்தால் சபை எழும்ப வேண்டும். நாற்காலிகள் எல்லாம் கிறீச்சிட்டன.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர், ஜெயமணி?" என்றார். "அவருக்குச் சுருதி குடும்."

இவர் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரைக்கும் சபை முழுவதும் நின்றபடி காத்திருந்தது.